கேனானா நிக்கானா சோனியா, புதிதா பழையதா? மவுண்ட்டிலிருந்து தொடங்குங்கள்

கேமரா வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "கேனானா, நிக்கானா, சோனியா?" என்றுதான். ஒரே காலத்தில், ஒரே விலைப் படியில் வந்த மூன்று கேமராக்களால் ஒரே காட்சியை எடுத்து, ஏ4 தாளில் அச்சிட்டுக் கலந்து வைத்தால் எது எந்த கேமரா என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம். படத் தரத்தில் பிராண்டுகளுக்கு இடையே இருந்த இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரிய வேறுபாடு கேமராவின் முகப்பில் லென்ஸைப் பொருத்தும் உலோக வளையத்தில், அதாவது மவுண்ட்டில் இருக்கிறது. இன்று வாங்கும் பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றிவிடுவீர்கள். நல்ல லென்ஸ் பதினைந்து, இருபது ஆண்டு உழைக்கும். அடுத்த பாடிக்கும் அதற்கடுத்த பாடிக்கும் அதுவேதான் வரும்.

அதனால் வாங்கும் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் உங்களுக்குத் தேவைப்படும் இரண்டு லென்ஸ்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஆட்களின் முகம்தான் முக்கியம் என்றால் 85 மிமீ எஃப் 1.8, பறவை என்றால் 400 மிமீ அல்லது அதற்கு மேல், வீட்டுக்குள் குழந்தைகள் என்றால் 35 மிமீ எஃப் 1.8 (மிமீ கூடினால் தொலைவு நெருங்கும், எஃப் எண் குறைந்தால் அதிக வெளிச்சம் நுழையும்). அந்த இரண்டும் எந்த மவுண்ட்டில் உங்கள் கைக்கு எட்டும் விலையில், புதிதாகவும் பழையதாகவும் கிடைக்கின்றன என்று பாருங்கள். பாடியைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

உயிரோடு இருக்கும் மவுண்ட், நின்றுபோன மவுண்ட்

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, கேனானின் இஎஃப் 1987-இல். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் காலம் முழுக்க இந்த இரண்டும்தான் ஆண்டன. 2018-இல் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கென கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட் என்று புது மவுண்ட்களைக் கொண்டுவந்தன. 2020-க்குப் பிறகு இரண்டிலிருந்தும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதுவும் வரவில்லை. டிஎஸ்எல்ஆரைக் கைவிடாமல் தொடர்வது பென்டாக்ஸ் மட்டும்.

இதன் பொருள், டிஎஸ்எல்ஆரைப் புதிதாக வாங்குவதில் இனி நியாயம் இல்லை. பழையதாக வாங்குவதில் நிறையவே இருக்கிறது. லட்சக்கணக்கில் விற்ற இஎஃப், எஃப் லென்ஸ்களைப் பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது விற்றுவிடுகிறார்கள். 2014-இல் வந்த நிக்கான் டி750, 2016-இல் வந்த கேனான் 5டி மார்க் 4 ஆகியவற்றின் சென்சார்கள் (படத்தைப் பதியும் சில்லுகள்) திருமண மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்திலும் இன்றும் கௌரவமான படம் தருகின்றன.

அந்த லென்ஸ்களைப் பின்னாளில் மிரர்லெஸ்ஸுக்குக் கொண்டுபோக முடியுமா? முடியும், காரணமும் எளிது. இஎஃப் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை 44 மிமீ தூரம். ஆர்எஃப்பில் 20 மிமீ. நடுவில் 24 மிமீ நீளமுள்ள, கண்ணாடி எதுவும் இல்லாத வெற்றுக் குழாயைப் பொருத்தினால் கணக்கு சரியாகிவிடுகிறது. அடாப்டர் என்பது அவ்வளவுதான். இஎஃப் லென்ஸ்களின் மோட்டாரும் அபெர்ச்சரும் (ஒளி நுழையும் துளை) தொடக்கத்திலிருந்தே மின்சாரத்தில் இயங்குபவை என்பதால் ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸ் குறைவின்றி வேலை செய்கிறது. எதிர்த்திசையில் இது நடக்காது: ஆர்எஃப் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியே இல்லை.

நிக்கானில் கொஞ்சம் கவனம் வேண்டும். எஃப் மவுண்ட் லென்ஸ்களில் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று இருந்தால் லென்ஸுக்குள் மோட்டார் உண்டு. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட் பாடியில் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி என்றால் மோட்டார் பாடியில் இருக்க வேண்டும். எஃப்டிஇசட்டில் மோட்டார் இல்லை, ஆகவே கையால்தான் ஃபோகஸ். டி3000, டி5000 வரிசை டிஎஸ்எல்ஆர்களிலும் இதே கதை. 50 மிமீ எஃப் 1.8 டி லென்ஸை விலை குறைவு என்று வாங்கி, தங்கள் டி3400-இல் ஃபோகஸ் ஆகவில்லை என்று பலர் அதைப் பழுதென நினைப்பது இதனால்தான். மறுபுறம், ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது.

இவை தவிர, முழுக்க நின்றுபோன மவுண்ட்கள் சில உண்டு: கேனான் இஎஃப்-எம், நிக்கான் 1, சாம்சங் என்எக்ஸ். பழைய சந்தையில் கேனான் எம்50 அடிக்கடி கண்ணில் படும். கைக்கு அடக்கமான நல்ல கேமராதான். ஆனால் இஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் பாடிக்குக் கொண்டுபோக வழி கிடையாது. இஎஃப்-எம்மில் போடும் பணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த கேமராவும் அதோடு வரும் கிட் லென்ஸும் போதும், மேலே எதுவும் வாங்க மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டும் எடுக்கலாம்.

பிராண்டுகள், அவற்றின் மவுண்ட் வழியாக

சோனியின் இ மவுண்ட் 2010-இல் வந்தது. மறு ஆண்டே அதன் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குச் சோனி கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதன் பலனை இன்று வாங்குபவர் அனுபவிக்கிறார்: சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ், சாம்யாங் என்று ஒரே வேலைக்கு நான்கைந்து விலைப் படிகளில் லென்ஸ் உண்டு, பழைய சந்தையிலும் அப்படியே. குறையும் உண்டு. ஏ1, ஏ9 மார்க் 3 போன்ற அதிவேக பாடிகளில் வெளி நிறுவன லென்ஸ் மாட்டினால் தொடர் படங்கள் நொடிக்கு 15-ஐத் தாண்டாது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. விளையாட்டுப் புகைப்படக்காரர்களுக்குப் பெரிய பொருட்டு.

கேனான் ஆர்எஃப் வெகுகாலம் கதவை மூடியே வைத்திருந்தது. 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் முறையான அனுமதியோடு வந்தன, அதுவும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் அளவுக்கான லென்ஸ்களோடு. அதைவிடப் பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமில் விலை குறைந்த, வாய் அகன்ற ஜூம் வேண்டும் என்றால் கேனான்காரர் பெரும்பாலும் பழைய இஎஃப் லென்ஸையும் அடாப்டரையும் நம்ப வேண்டும். அது மோசமான வழி அல்ல. பழைய 70–200 எஃப் 2.8 எல் ஐஎஸ் மார்க் 2 ஒன்றை ஆர்6-இல் மாட்டினால், அது டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் ஆனதைவிடத் துல்லியமாகவே ஆகும், ஏனென்றால் ஃபோகஸைப் பார்ப்பது இப்போது சென்சாரேதான். நீளமும் எடையும் கூடும், அவ்வளவுதான்.

நிக்கான் இசட் நடுவில் நிற்கிறது: டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் சில உண்டு, சோனி அளவுக்கு இல்லை. ஆனால் நிக்கானே செய்யும் எஃப் 1.8 எஸ் வரிசை லென்ஸ்கள் ஓரம் வரை கூர்மையாக இருப்பவை. கையில் பிடிக்கும் பிடிமானத்திலும் நிக்கானுக்கு ஒரு படி மேலே மதிப்பெண் தரலாம்.

ஃபூஜிஃபில்ம் எக்ஸ் மவுண்ட் ஏபிஎஸ்-சி மட்டுமே. ஃபுல் ஃபிரேம் அங்கே கிடையாது, அடுத்த படி நேராக அதைவிடப் பெரிய சென்சாரான மீடியம் ஃபார்மட். நேரடி ஜேபெக் வண்ணத்துக்காகவும் மேல்தட்டு டயல்களுக்காகவும் அதை விரும்புகிறவர்கள் வேறெதற்கும் மாற மாட்டார்கள். பயணத்துக்கு மிக நல்ல தேர்வு.

ஒலிம்பஸும் பானாசோனிக்கும் பயன்படுத்திய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமில் கால் பங்குதான். குறைந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் பின்னடைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி). பதிலுக்கு 300 மிமீ லென்ஸ் 600 மிமீ கோணத்தைத் தருகிறது, தோளில் தூக்கி நடக்கும் எடையில். ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவை விற்றபின் 2021 முதல் அதன் கேமராக்கள் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் தொடர்கின்றன. பானாசோனிக்கின் ஃபுல் ஃபிரேம் எல் மவுண்ட்டைச் சேர்ந்தது. லைக்காவும் சிக்மாவும் அதில் கூட்டாளிகள். வீடியோவுக்கு வாங்குவதானால் ஒரு விஷயம்: 2023-இல் வந்த எஸ்5 மார்க் 2-க்கு முந்தைய பானாசோனிக் பாடிகளில், ஃபோகஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று நேராக அறியும் ஃபேஸ் டிடெக்ட் ஆட்டோஃபோகஸ் இல்லை. நகரும் ஆளைத் தொடரும்போது பின்னணி மெல்லத் துடிப்பதைப் படத்திலேயே பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு பிராண்டுகள் சமமாக நின்றால், இரண்டையும் கையில் எடுத்துப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் பிடியில் நிற்கிறதா, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) மாற்ற கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். நெருங்கிய நண்பரிடம் ஏற்கெனவே ஒரு மவுண்ட்டில் லென்ஸ்கள் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். இரவல் வாங்கிப் பார்த்து வாங்கும் லென்ஸ் பெரும்பாலும் தவறாது.

எதைப் புதிதாக, எதைப் பழையதாக

பாடியின் விலை அடுத்த மாடல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து சரியும். லென்ஸின் விலை மெதுவாகத்தான் இறங்கும். பழைய லென்ஸை வாங்கி மூன்று ஆண்டு பயன்படுத்தி விற்றால் இழப்பு சிறிது. புதுப் பாடியை வாங்கி மூன்று ஆண்டில் விற்றால் இழப்பு பெரிது. பொது விதியாக, நல்ல லென்ஸைப் பழையதாகவும் ஒரு தலைமுறை முந்தைய பாடியைப் பழையதாகவும் எடுப்பதே அதிகப் படம் தரும் செலவு.

புதுப் பாடிக்கு நியாயம் எங்கே என்றால், ஆட்டோஃபோகஸில். கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் கேமராக்கள் பாய்ச்சலாக முன்னேறியது அங்கேதான். சோனியில் 2019-இன் ஏ6400, கேனானில் 2020-இன் ஆர்5, ஆர்6 ஆகியவற்றிலிருந்து கண்ணைப் பிடித்துத் தொடர்வது நம்பத்தக்கதாக ஆனது. ஓடும் குழந்தை, பறக்கும் பறவை, மேடை நடனம் எடுப்பவர் அதற்கு முந்தைய மிரர்லெஸ்ஸை மலிவு என்று வாங்கினால் ஒவ்வொரு வரிசைப் படத்திலும் பாதியை அழிக்க வேண்டிவரும். நிக்கானின் முதல் இசட்6, இசட்7 இதற்கு உதாரணம்: நிலக்காட்சிக்கும் உருவப்படத்துக்கும் அருமை, வேகமாக ஓடும் பொருளுக்குச் சிரமம். மாறாக, நிற்கும் பொருளை முக்காலியில் வைத்து எடுப்பவருக்குப் பத்து ஆண்டு பழைய ஃபுல் ஃபிரேம் பாடியே போதும். மிச்சமாகும் பணம் நேராக லென்ஸுக்குப் போகட்டும்.

படம் எடுத்துச் சம்பாதிப்பவர் கணக்கு வேறு. இரண்டு கார்டு ஸ்லாட் கட்டாயம். முதன்மைப் பாடி வாரன்டியோடு இருக்கட்டும், துணைப் பாடி பழையதாக இருக்கட்டும். இரண்டும் ஒரே பேட்டரி எடுப்பவையாக இருந்தால் பை பாதி இலகுவாகும்.

விலையை ஒப்பிடும்போது பழைய பாடியின் விலையோடு ஒரு புது அசல் பேட்டரியையும் ஒருமுறை சென்சார் சுத்தம் செய்யும் செலவையும் கூட்டுங்கள். அந்தத் தொகை புதியதன் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் புதியதையே வாங்குவது மேல். நிறுவனமே சரிபார்த்து விற்கும் ரீஃபர்பிஷ்டு கிடைத்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். திருப்பித் தரும் அவகாசம் உள்ள கடை அடுத்தது. தனி ஆளிடம் வாங்குவது கடைசி, அதுவும் நேரில் சோதித்த பிறகுதான். புதிது என்றாலும் விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால் அது வேறு நாட்டுக்கென வந்த சரக்காக இருக்கலாம், உள்ளூர் வாரன்டி மறுக்கப்படும். ஜப்பான் சந்தைக்கான சில சோனி பாடிகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும்.

பழைய பாடியைச் சோதிப்பது

ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்ற ஷட்டர் கவுண்ட்டை எல்லாரும் கேட்பார்கள், சரிதான். டி750, 5டி மார்க் 3 ஆகியவற்றின் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது, டி850-க்கு 2,00,000, தொடக்கநிலை டி3000 வரிசைக்கு 1,00,000. இவை கெடு தேதி அல்ல. தாண்டியும் ஆண்டுக்கணக்கில் ஓடும், முன்பே போவதும் உண்டு. நிக்கான், பென்டாக்ஸ் கேமராக்கள் இந்த எண்ணைப் படக் கோப்பின் எக்சிஃப் விவரத்தில் எழுதிவைக்கும். கேமராவிலிருந்து அப்போதே எடுத்த, திருத்தாத கோப்பாக இருக்க வேண்டும். வாட்சப்பில் வந்த படத்தில் இந்த விவரம் அழிந்துபோயிருக்கும். பெரும்பாலான கேனான்களில் கோப்பில் இருக்காது. யூஎஸ்பியில் இணைத்துத் தனி மென்பொருளால் படிக்க வேண்டும்.

வீடியோ அந்த எண்ணிக்கையில் ஏறாது. நாளெல்லாம் வீடியோ எடுத்த பாடியில் கவுண்ட் 5,000 மட்டும் காட்டலாம். அதன் தேய்மானத்தை ஹெச்டிஎம்ஐ துளையில் பாருங்கள்: கேபிளைச் செருகி மெதுவாக ஆட்டினால் திரை விட்டுவிட்டு வந்தால் துளை தளர்ந்திருக்கிறது.

அடுத்தது சென்சார். அபெர்ச்சரை எஃப் 16-க்கு மூடி, ஐஎஸ்ஓ 100-இல், ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரையோ மேகமற்ற வானத்தையோ எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை லேசாக அசைத்தால் சுவரின் கறைகள் கலைந்துபோகும், சென்சாரில் இருப்பவை மட்டும் நிற்கும். மங்கலான சாம்பல் புள்ளி தூசு, ஊதினால் போகும். விளிம்பு கறுத்து நடு வெளுத்த வட்டம் எண்ணெய். ஈரமாகத் துடைக்க வேண்டும். 2012-இன் நிக்கான் டி600 இந்தப் புள்ளிகளுக்காகவே பேர் போனது. ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், மறு ஆண்டே டி610 வந்தது. பழைய டி600 கிடைத்தால் ஷட்டர் மாற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். துடைத்தாலும் போகாத, கோடுபோன்ற தடம் என்றால் அது கீறல், விட்டுவிடுங்கள்.

பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை அணைத்து, 30 நொடி ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தால் சில வண்ணப் புள்ளிகள் தெரியும், அது இயல்பு. பல கேமராக்களின் மெனுவில் பிக்சல் மேப்பிங் உண்டு, அதை ஓட்டினால் மறைந்துவிடும். முழு நீளக் கோடு தெரிந்தால் வாங்க வேண்டாம்.

காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போடும் பழைய பாடி என்றால் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே 50 மெல்லிய ஊசிகள் இரண்டு வரிசையில் நிற்கும். ஒன்று சாய்ந்திருந்தாலும் கார்டை அழுத்தும்போது மடிந்து பக்கத்து ஊசியைத் தொடும். விற்பவர் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்.

பேட்டரியின் முதுமையைக் கேமராவே சொல்லும். கேனானின் நடுத்தர, உயர்நிலை பாடிகளில் பேட்டரி விவரத்தில் மூன்று பச்சைக் கட்டங்கள் நல்ல நிலை, சிவப்பு ஒன்று மட்டும் என்றால் மாற்ற வேண்டும். நிக்கானில் 0 முதல் 4 வரை. 4 என்றால் முடிந்தது. கேனான் எல்பி-இ6 வகை 2008 முதலும் நிக்கான் இஎன்-இஎல்15 வகை 2010 முதலும் ஒரே வடிவில் தொடர்வதால், பழையதை வைத்துப் பல புதுப் பாடிகளையும் ஓட்டலாம், சில வசதிகள் குறைந்தாலும். பழைய மெமரி கார்டை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அடித்தட்டுத் திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கோப்பில் பதிவாகும் சீரியல் எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வாங்கிய பில்லைக் கேளுங்கள். மிரர்லெஸ்ஸை அணைத்துக் குலுக்கினால் உள்ளே ஏதோ ஆடுவது கேட்கும். சென்சாரிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு) உள்ள பல பாடிகளில் இது இயல்பு, பயம் வேண்டாம்.

பழைய லென்ஸைச் சோதிப்பது

இருபுற மூடியையும் கழற்றி, இருட்டான மூலையில் நின்று, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியே பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசும், எதுவும் தெரியாது. நான்கைந்து தூசுத் துகள் எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் வராது. தேட வேண்டியவை மூன்று. சிலந்தி வலை போல விளிம்பிலிருந்து நடுவுக்குக் கிளை விடும் மெல்லிய இழைகள் பூஞ்சை. கண்ணாடியில் மூச்சு விட்டது போன்ற சீரான வெண்மை மூட்டம், எதிர்வெளிச்சத்தில் படமே சாயம் போனது போல் வெளுக்கும். விளிம்பில் வானவில் நிறத்தில் பிறை போன்ற திட்டு என்றால் ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. மூன்றில் எது இருந்தாலும் வேண்டாம். பூஞ்சையைச் சுத்தம் செய்யலாம், ஆனால் அது கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருப்பதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், படத்தில் பெரும்பாலும் தெரியாது. பின் கண்ணாடிக் கீறல் தெரியும்.

ஃபில்டர் மாட்டும் மரையில் நெளிவு இருந்தால் லென்ஸ் விழுந்திருக்கிறது. விழுந்த லென்ஸில் உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்து, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகும். அதைப் பிடிக்க, தொலைவில் உள்ள ஒரு கம்பத்தையோ விளம்பரப் பலகையையோ அபெர்ச்சர் முழுக்கத் திறந்த நிலையில் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து, மூலைக்கு மூலை புதிதாக ஃபோகஸ் செய்து நான்கு படம் எடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒன்று மட்டும் குழைந்திருந்தால் உள்ளே சாய்ந்திருக்கிறது. ஜூம் என்றால் இரு முனையிலும் இதைச் செய்ய வேண்டும்.

ஃபோகஸை மிக அருகிலிருந்து முடிவிலி வரை இருபது முறை ஓடவிட்டு மோட்டாரின் சத்தத்தைக் கேளுங்கள். கீச்சிட்டாலோ நடுவில் தயங்கினாலோ மோட்டார் போகப் போகிறது. பல லென்ஸ்களில் அதை மாற்றும் செலவு லென்ஸ் விலையில் பாதியைத் தொடும். டிஎஸ்எல்ஆரில் மாட்டிப் பார்க்கும்போது ஃபோகஸ் சற்று முன்னோ பின்னோ தள்ளி விழுந்தால் உடனே லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். அதே காட்சியைப் பின்திரையில் பார்த்தபடி எடுக்கும் லைவ் வியூவில் எடுங்கள். லைவ் வியூவில் கூர்மையாக இருந்தால் லென்ஸ் நலம். பாடிக்கும் லென்ஸுக்கும் இடையிலான சரிக்கட்டல்தான் தவறு. டி7000, 5டி மார்க் 3 போன்ற பாடிகளில் மெனுவிலேயே அதைத் திருத்தலாம்.

கடையில் வாங்கியிருந்தால் திருப்பித் தரும் அவகாசம் முடியும் முன், நண்பகல் வெயிலிலும் இரவிலுமாக ஒரு 500 படம் எடுத்து, ஒரு மணி நேரம் வீடியோவும் ஓட்டிவிடுங்கள். சூடேறிய பிறகு மட்டும் தலைகாட்டும் பழுதுகள் கடை மேசையில் ஐந்து நிமிடத்தில் தெரிவதில்லை. லென்ஸை 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் காட்டும் அளவுமானியோடு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பூஞ்சை இல்லாமல் வாங்கிய லென்ஸில் அடுத்த மழைக்காலத்திலேயே இழை பிடிப்பது, அதைத் தோல் பைக்குள் ஈரத்தோடு மூடி வைப்பதால்தான்.